ஹேண்டிங் ஓவரில் விட்டுப்போனது

போன மாதம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹடப்சரிலிருந்து ஒரு போன். அங்கே ஒரு பெரிய ஹவுசிங் சொசைட்டியின் செக்ரட்டரி. எங்கள் சரக்கை ஊற்றித் துடைத்ததில், லிஃப்ட் முன்னால் இருக்கிற மார்பிள் தரை திட்டுத் திட்டாக வெளுத்து, பளபளப்பே போய்விட்டதாம்.

மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை... "இனி உங்க கேன் எங்க கேட்டுக்குள்ள வரவேண்டாம்" என்று ஹிந்தியில் நிதானமாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் கைவிட்டால் அந்த ரோட்டில் இருக்கிற மற்ற சொசைட்டிகளும் கைவிடும். அப்புறம் கம்பெனி எங்கே நிற்கும்?

எங்கள் கம்பெனி எது என்று கேட்கிறீர்களா? ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனை ஒட்டிய லோஹேகாவில் என் வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. ஸ்டார்ட்அப் என்று சொல்லவேண்டுமாம், சொல்லிவிட்டேன். ஜூஸ் கடைகள் தூக்கிப் போடுகிற மொசம்பித் தோலை, அதாவது சாத்துக்குடித் தோலை, எடுத்துவந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிகட்டினால், தரை துடைக்கிற திரவம். ஆசிட் பாட்டில் வேண்டாம், குப்பையும் குறையும். நானும் ஒரு பார்ட்னர். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் நேரமாகும். ஜூஸ் கடைக்காரர்களிடம் பேசித் தோல் வாங்க நேரமே ஆகாது.

ஆரம்பித்தவள் கவிதா, திருநெல்வேலிப் பெண். வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ். இந்த ஊரில் ஏர்ஃபோர்ஸ் குடும்பத்தோடு எதைத் தொடங்கினாலும் ஒரு சங்கடம் உண்டு — நன்றாக ஓடுகிற நேரத்தில் போஸ்டிங் ஆர்டர் வந்து நிற்கும். வந்தது. அஸ்ஸாம்.

அவர்களிடம் ஒரு வழக்கம். இடம் மாறிப் போகிறவர், தன் பொறுப்பில் இருந்ததையெல்லாம் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்கவேண்டும். ஹேண்டிங் ஓவர். அது முடிந்தால்தான் கிளியரன்ஸ், கிளியரன்ஸ் கிடைத்தால்தான் கிளம்பலாம். கவிதாவும் அதே மாதிரி செய்தாள். தோல் நறுக்குவது, கேன் மூடியைத் திறந்து காற்றை விடுவது, வடிகட்டுவது... எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அடுத்த தெரு வைஷாலியின் போனில் ஏற்றிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். பெரிய கம்பெனிகூட இப்படிச் செய்யாது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த போன். மார்பிளுக்கும் ஆகும் என்று சொல்லி அனுப்பியவள் வைஷாலி. என்னைக் காக்கு, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, தப்பு தன்மேல்தான், தன் கைராசி அப்படி என்று மராத்தியில் சொல்லிச் சொல்லி அழுதாள். இனிமேல் கம்பெனிப் பக்கமே வரமாட்டாளாம். எனக்குத் தாங்கவில்லை. கவிதாவை வீடியோ காலில் பிடித்தேன்.

விஷயத்தைக் கேட்டவள், "மார்பிளுக்கு அது ஆகாதே பெரியம்மா. புளிப்பு கல்லத் தின்னுரும்" என்றாள்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"போன வருசமே ஒரு வீட்ல ஆச்சு. அதுக்கப்புறம் அவங்க நம்மகிட்ட வாங்கவே இல்ல."

"அத ஏன்டி எங்ககிட்டச் சொல்லல?"

"நல்லா வந்ததையெல்லாம் வீடியோ எடுத்தேன். கெட்டுப்போனத யாராவது வீடியோ எடுப்பாங்களா பெரியம்மா?"

அதை நான் ஹிந்தியில் வைஷாலிக்குச் சொன்னேன். சண்டைதான் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, பாதிப் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்கிறாய், உன் வீட்டுக்காரர் இப்படிச் செய்திருந்தால் உள்ளே தள்ளியிருப்பார்கள் என்றாள். அந்தப் பக்கம் கவிதா சிரித்தாள், கொஞ்சம் அழுதாள்.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே? ஜெயித்ததைச் சொல்லச் சொன்னால் மைக்கை விடமாட்டோம். தோற்றது மட்டும் பெட்டிக்குள். ஆனால் அடுத்து வருகிறவளுக்கு எது உதவும்? அந்தப் பெட்டிதான்! அது கைமாறாவிட்டால், ஒருத்தி விழுந்த அதே பள்ளத்தில் அடுத்தவளும் விழுவாள் — தன் கைராசியை வேறு திட்டிக்கொண்டு.

மறுநாள் வைஷாலியை இழுத்துக்கொண்டு ஹடப்சர் பஸ் ஏறினேன். செக்ரட்டரியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. தரையை எங்கள் செலவிலேயே பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றேன். அடுத்து வைஷாலி பேசினாள். மார்பிளுக்கு எங்கள் சரக்கே வேண்டாம், வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும் என்றாள். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். தன் சரக்கை வாங்காதே என்று சொல்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறாராம். டைல்ஸுக்கும் பாத்ரூமுக்கும் பார்க்கிங்குக்கும் கேன் அனுப்பச் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் கம்பெனியில் புதுச் சட்டம். சனிக்கிழமை டீ போட்டதும் அந்த வாரம் யார் எதைக் கெடுத்தோம் என்று போனில் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். நல்ல சேதி எல்லாம் அப்புறம்தான். கவிதாவும் அஸ்ஸாமிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறாள். அந்தப் பெண் கெடுத்த கதைகள் எதிர்பார்த்ததைவிட நிறைய!

போன சனிக்கிழமை, நான் கெடுத்ததையும் சொல்லச் சொல்லி, வைஷாலி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இந்த வயதில் எனக்கெதுக்கு, நான் எங்கே மாற்றலாகிப் போகப்போகிறேன் என்று கேட்டேன். லைனில் இருந்த கவிதா விடவில்லை. "எல்லாருக்கும் ஒருநாள் போஸ்டிங் வரும் பெரியம்மா."

வரட்டுமே. ஹேண்டிங் ஓவர் முடியாமல் கிளியரன்ஸ் கிடையாதாமே... அதனால் ரொம்ப மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.