ஃப்ரீசரில் காது வைத்தவர்

எங்கள் மருத்துவமனையின் பொது மருத்துவத் துறையில் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று எல்லாப் பிரிவு ஆராய்ச்சிகளுக்கும் எடுத்த ரத்தம் ஒரே ஃப்ரீசரில்தான் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. வண்டியூரிலிருந்து ஒருவர் அடிக்கடி வருவார். நெடுநெடுவென்ற உடம்பு, சவரம் செய்யாத முகம். சிறுநீரக நோயில் இறந்த அவர் மனைவியின் ரத்தமும் உள்ளே இருந்தது. வந்ததும் ஃப்ரீசர் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்.

"அது மோட்டார் சத்தம்ண்ணே" என்றேன் ஒருநாள்.

"அம்புட்டையும் எரிச்சாச்சுன்னு நெனச்சேன் தம்பி. இன்னும் இருக்காளே. என் ரத்தத்தையும் எடுத்து அவ பக்கத்துல வைங்க."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் எங்களுக்குத் தேவை. பரிசோதித்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சேர்த்துக்கொண்டோம்.

"ஆனா பக்கத்துல வைக்க முடியாதுண்ணே. நோயில்லாதவங்க ரத்தம் மேல்தட்டுலதான் இருக்கணும்."

"எங்க வேணாலும் வைங்க தம்பி" என்று சிரித்தார். "நான் போய்க்கிறேன்."

அப்புறம் அவர் வரவேயில்லை.

போன வாரம் ஃப்ரீசரைத் திறந்தேன். மேல்தட்டில் நான் வைத்த, அவர் ரத்தம் அடைத்த குழாய் அங்கே இல்லை. கீழ்த்தட்டில், மனைவியின் குழாயோடு பனியில் ஒட்டிக்கிடந்தது. ஃப்ரீசர் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிரித்து வைக்க எனக்குக் கை வரவில்லை.