லாரியில் ஏறாத பாய்

போன ஆண்டு என் மகள் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா போகக் கிளம்பினாள். வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர், அங்கே இருக்கை போட்ட லாரி ஒன்றில் பத்து நாள் பயணம். அவளைத் தனியே அனுப்பப் பயந்து பன்னிரண்டாவது ஆளாக நானும் ஒட்டிக்கொண்டேன். பள்ளி ஆசிரியை என்பதால், வண்டி கிளம்பும் முன் ஆட்களை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காட்டுச் சாலையில் நிறுத்தி இறங்கினோம். தூரத்தில் யானைகள் தெரிந்ததும் ஓட்டுநர் அவசரப்படுத்தினார். மகள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். "எல்லாரும் வந்தாச்சு" என்றேன்.

இருபது நிமிடம் கழித்து மகள் பின்னால் திரும்பினாள். "அம்மா, பாய் எங்க?"

அவர் ஆம்பூர் தோல் வியாபாரி, அறுபது வயது, தனியாக வந்தவர். வண்டியைத் திருப்பினோம்.

இறங்கிய இடத்திலேயே ஒரு முள்மரத்தை ஒட்டி நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "இன்னா டீச்சர், என்னை யானைக்கு வித்துட்டீங்களா?" என்றபடி ஏறினார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எண்ணவே இல்ல பாய். எம் பொண்ண மட்டும்தான் பார்த்தேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப பயந்துட்டேன் டீச்சர்," என்றார். பிறகு, "நாளைக்கும் நீங்களே எண்ணுங்க. இனிமே உங்களைவிட ஒழுங்கா யாரும் எண்ண மாட்டாங்க."

அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது மறுநாள் காலைதான். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினொன்று வந்த பிறகுதான், மகள் இன்னும் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.