வாணலியில் வறுபட்ட கரி

கரியண்ணனுக்கு அந்தப் பெயர் வந்தது தொழிலால். குப்பை எரிக்கும் உலையின் புகையைக் கரித்தூள் பைகள் வழியாக விட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம் அது. புகையிலுள்ள கரியமில வாயுவையும் பாதரச ஆவியையும் கரி கப்பென்று பிடித்துக்கொள்ளும். பைகளை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. "உங்களைத் தேய்ச்சே சோப்பு தீருது" என்பாள் மனைவி.

அங்கே எல்லோருக்கும் ஒரு பழக்கம். மிஞ்சிய புதுக் கரியில் ஒரு பை வீட்டுக்குப் போகும். செருப்பு நாற்றம், அலமாரி நாற்றம் எல்லாம் பறந்துவிடும். இவன் மனைவிக்கோ மசக்கை. எந்த வாசனையும் ஆகவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய கரு. சும்மா இருப்பானா? சமையலறையில் ஒரு பை கொண்டுபோய்த் தொங்கவிட்டான். அவசரத்தில் கை எந்தப் பெட்டிக்குள் போனது என்று பார்க்கவில்லை, பாவி மனுஷன்.

அடுத்த வாரம் ஆராய்ச்சிக்காரப் பெண் கேட்டாள். "அண்ணா, உலையில கழட்டின பை ஒண்ணு குறையுதே?"

புதுசும் கறுப்பு, பழசும் கறுப்பு. தான் கொண்டுபோனது பழசுதான் என்று அவனுக்குப் புரிந்தது. "அதுல இருக்குற பாதரசம் வெளிய வருமாம்மா?"

"சும்மா இருந்தா வராதுண்ணா. சூடு படக்கூடாது, அவ்வளவுதான்."

பாதரச ஆவியை அளக்கும் கைக்கருவியை அவளிடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

மனைவி சமையலறையில் உற்சாகமாக நின்றிருந்தாள். "ரெண்டு நாள்ல பழையபடி நாத்தம் வந்துடுச்சுங்க. கரியைச் சூடாக்கினா பிடிச்சதையெல்லாம் விட்டுடும், அப்புறம் மறுபடி மாட்டுவோம்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் தினம் வாணலியில வறுத்து மாட்டுறேன். தூள் பறக்குதுன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். கருவியை நீட்டினான். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கருவியைப் பிடுங்கித் தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"பூஜ்யம்னா பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைதானே? சொல்லுங்க!"

அது காற்றை மட்டும்தான் அளக்கும் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.