நாற்பது சொற்களுக்கு மேல்

சாத்தூரிலிருந்து வந்த குழந்தைவேலு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ஒன்பது ஆண்டுகள் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். அவர் அனுப்பும் செய்தி நேரே போர்ட் பிளேருக்குப் போகாது. நடுவில் ஒரு தீவிலிருந்த நிலையம் அதை வாங்கி மறுபடி அனுப்பும். வழியை அப்படித்தான் வகுத்திருந்தார்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டு எழுதினார், பதில் இல்லை.

1967 ஆடி மழையில் குடியேறிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நர்ஸ் மரகதத்திடம் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு புதனிலிருந்து மறு புதனுக்குள் ஆறு செய்திகள் போயின. ஒன்றுக்கும் பதிலில்லை. இடையில் வெள்ளிக்கிழமைப் படகு சலைன் இல்லாமலே வந்து திரும்பியது.

"உங்க பொட்டிக்கு ஒத்தக் காதா அண்ணே? மழைக் கணக்குன்னா உடனே பதில் சொல்லுது, சலைன்னா செவிடாயிருது."

"பொட்டி தீக் ஹை, நல்லாத்தான் இருக்கு மரகதம். எங்கேயோ மாட்டுது."

முகாமில் அம்மன் கோபம் என்று சேவல் அறுத்தார்கள். கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடித்த குடும்பங்களை மட்டும் அம்மன் ஏன் விட்டுவிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழந்தைவேலு கேட்டார். போகாத செய்திகளுக்குள் பொதுவாக இருப்பது என்ன? நீளம். வியாழன் காலை மழைக் கணக்கையே இருபது சொற்களில் அனுப்பிப் போர்ட் பிளேரிடம் பதில் கேட்டார்; வந்தது. முப்பதுக்கு வந்தது. நாற்பதுக்கும் வந்தது. ஐம்பதுக்கு வரவில்லை. நாற்பத்தொன்றுக்கும் வரவில்லை. நடு நிலையமோ எல்லாவற்றுக்கும் 'கிடைத்தது' என்றே மோர்ஸில் தட்டியிருந்தது.

அந்த நிலையத்து ராஜமாணிக்கத்தை நேரடியாகக் கேட்டார். பதில் தட்டி வந்தது: "நாற்பதுக்கு மேல் படகுத் தபால். பேட்டரி பலவீனம். மேலிட உத்தரவு."

அந்த உத்தரவு ரங்கத்துக்கு வரவே இல்லை. வெள்ளிப் படகு நிற்காத அந்தத் தீவில் ஆறு செய்திகளும் தபால் பையில் கிடந்தன.

சலைன் செய்தியை எடுத்து எண்ணினார். ஐம்பத்தேழு சொற்கள். அதில் முதல் பத்தொன்பது, மேலதிகாரியின் மேலான சமூகத்துக்கு அடிபணிந்து விண்ணப்பித்துக்கொள்வது. எழுதியவர் முகாம் கிளார்க் ஜெகநாதன். ஓடிப்போய்க் காட்டினார்.

"மரியாதை இல்லாம எழுதினா போர்ட் பிளேர் சாப் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுருவார்யா."

"முகாம்ல பங்கஜம் அக்காவுக்கு வாந்தியில கண்ணு உள்ள போயிருச்சு சார். மரியாதையைத் தனியா கப்பல்ல அனுப்புங்க."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க. என் பேரு போதும்."

முப்பத்தெட்டுச் சொற்கள் போயின. மாலை நான்கு மணிக்குப் பதில்: நாளைப் படகில் அறுபது பாட்டில்கள். மனிதனைக் குனிய வைக்கும் பத்தொன்பது சொற்கள்தாம் வழியை அடைத்திருந்தன. மறைத்து வைத்த ஓர் உத்தரவும், வயிற்றுப்பிழைப்புக்காக முதுகை வளைத்தே பழகிய ஒரு கிளார்க்கும் சேர்ந்தால் ஆளைக் கொல்ல வேறு விஷம் வேண்டியதில்லை.

மற்ற நிலையங்களுக்கும் குழந்தைவேலு தாமாகவே தட்டினார்: நாற்பதைத் தாண்டாதீர்கள், போய்ச் சேராது.

வெள்ளி பிற்பகல் படகு வந்தது. மரகதம் பாட்டில்களைக் கட்டில்களின் மேல் தொங்கவிட்டாள். பதினான்கு பேர் பிழைத்தார்கள். பங்கஜம் அன்று விடியலிலேயே போய்விட்டாள்.

அவள் கணவர் சொக்கலிங்கம் ஒயர்லெஸ் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இது போன வெள்ளிப் படகுலயே வந்திருக்கணும்ல?"

"வந்திருக்கணும்ண்ணே."



அடுத்த மாதம் மெமோ வந்தது. கையெழுத்தில்லாத செய்தியை அனுப்பியது, மரியாதை வாசகத்தை நீக்கியது, உத்தரவை அனுமதியின்றி வெளியிட்டது. மூன்றுக்கும் விளக்கம் தர வேண்டும். குழந்தைவேலு எழுதிய விளக்கத்தில் பங்கஜத்தின் பெயரும், முதல் செய்தி போன நாளும், அவள் இறந்த நாளும் மட்டுமே இருந்தன.