அவர் எனக்கு மட்டும் சொன்ன வெளிச்சம்

தானே புயலுக்கு முந்தின வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர் விமானப் படையில் பைலட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். பைலட் மாப்பிள்ளைதான் எனக்குச் சரி என்று எனக்குள்ளும் ஒரு திமிர் இருந்தது.

கடலூர் வீட்டு மொட்டை மாடியில் எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“நீங்க பிசிக்ஸ்தானே? ஒண்ணு கேக்கணும்.”

ராத்திரிப் பயிற்சியில் கடலுக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, இடது இறக்கைப் பக்கம் ஓர் ஆரஞ்சு வெளிச்சம் வந்ததாம். அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது. ஏறினால் ஏறியது. பக்கத்தில் வேறு யாராவது பறக்கிறார்களா என்று ரேடியோவில் கேட்டார். யாருமில்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது செங்குத்தாக மேலே போய்விட்டது.

“எறங்கினதும் சொன்னீங்களா?”

“சொன்னா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் பறக்க வுட மாட்டாங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

வெள்ளிக் கிரகமா, விமானக் கண்ணாடியில் உள்விளக்கு பிரதிபலித்ததா என்று குடைந்து குடைந்து கேட்டேன். எல்லாவற்றையும் அவரும் யோசித்திருந்தார். கடைசியில், “என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க பாத்திருக்கீங்க” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அதற்குள் அவருடைய அம்மா படியேறி வந்துவிட்டார். “என்னப்பா, வெளிச்சம் வெளிச்சம்னு காதுல வுழுது?”

“வடலூர் ஜோதியப் பத்திம்மா” என்று சமாளித்தார் அவர்.

அவ்வளவுதான். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் நெல்லிக்குப்பத்திலிருந்து வடலூருக்கு நடந்தே போகிற அம்மா அவர். “பொண்ணு நம்ம வழி. வேற எடமே பாக்க வேணாம்” என்று அப்போதே என் தலையில் பூ வைத்துவிட்டார். சமையற்கட்டில் சித்தி என் இடுப்பைக் கிள்ளினாள். “எம்மெஸ்ஸி படிச்சவளே, மாப்ளகிட்ட பேச ஒனக்கு சாமிதான் கெடச்சுதா?”

அன்றிலிருந்து நான் ஜோதி பக்தை. கருவாட்டு வாசனையில் வளர்ந்தவள், மாமியார் வீட்டில் மீன் பேச்சையே எடுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் பறப்பது நின்றுவிடுமே.

கல்யாணம் ஆனதும் அவர் வடக்கே போய்விட்டார். நான் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். கல்லூரி விட்டு வந்தால் பேச ஆளில்லை. அந்த மாதிரி வெளிச்சங்களைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். போனில் கேட்டால், “போன்ல வேணாம்” என்பார். நேரில் கேட்கக் கேள்விகளைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தேன்.

லீவில் வந்தவருக்கு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். “அது எறக்கையிலேர்ந்து எவ்ளோ தூரத்துல இருந்துச்சு?”

“எது?”

“அந்த வெளிச்சம்.”

“எந்த வெளிச்சம்?”

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் பதில் சொல்கிறவர் மாதிரி என்னை நேராகப் பார்த்தார்.

“நான் எதையும் பாக்கல. இந்த வருஷ மெடிக்கலும் பாஸ்” என்றவர், ரசம் கேட்டார்.

ஊற்றினேன். என் கேள்விகளை வேறு யாரிடமும் கேட்க முடியாது.