நீந்தும்வரை காத்திருந்தவர்

ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வாசலிலேயே நின்றார். "பர்வீன் மேடம் தவறிட்டாங்களாமா," என்றார். காலையில் வீட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கையிலிருந்த குடுவையை மறுபடியும் கழுவினேன்.

அருள்புரம் பக்கத்துச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எங்களுடையது. நானும் பர்வீன் அக்காவும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எனக்கு வேதியியல், அவருக்கு நுண்ணுயிரியல். காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அவர் பொறுப்பு. தினமும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்.

ஒருமுறை, பாக்டீரியாவை நீந்தவைக்கும் இழையை நான் வால் என்று சொல்லிவிட்டேன். "வால் ஆட்டறது இல்லீங்க. சுத்துது," என்றார்.

பிறகு சாப்பாட்டு மேசையில் விரலால் வரைந்து காட்டினார். செல்லின் உறையில் பதிந்த ஒரு மோட்டார். அதிலிருந்து வளைந்த ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து முறுக்கிய நீண்ட இழை. வெளியிலிருந்து உள்ளே பாயும் ஹைட்ரஜன் அயனிகள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. ஒரு திசையில் சுழன்றால் இழைகள் கற்றையாகச் சேர்ந்து செல்லைத் தள்ளும். திசை மாறினால் கற்றை பிரியும், செல் தடுமாறும், வேறு பக்கம் கிளம்பும். உணவு கூடும் பக்கம் தடுமாற்றம் குறைந்து ஓட்டம் நீளும். எங்கள் நுண்ணோக்கியில் இழை தெரியாது. ஓட்டம் மட்டும்தான் தெரியும்.

ஒரு தீபாவளிக்குப் பட்டறைகள் மூடின. தண்ணீர் வராதபோது காற்று எதற்கு என்று யாரோ காற்றூதும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது தொட்டி கறுத்து நாறியது.

மேனேஜர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். "அசையுது பாருங்க மேடம். உசுரோடதான் இருக்குது."

"தண்ணி தள்ளுறதுங்க அது. தூசியப் போட்டாலும் அப்படித்தான் நடுங்கும்."

"அப்பச் செத்துப்போச்சுங்களா?"

"செத்துப்போச்சுன்னு சொல்லலீங்க. ஓடலைங்கறேன். ஆக்சிஜன் இல்லாம மோட்டார் நின்னுருக்கு. இப்பச் சாயத்தண்ணிய உட்டா மிச்சமும் போயிரும்."

பட்டறைகள் மறுபடி சாயநீர் விடுவதற்கான அனுமதித் தாளில் அவர் கையெழுத்திடவில்லை. காற்று விட்டோம், பாக்டீரியாக்கள் தேற வெல்லக் கரைசலும் சாணிக் கரைசலும் ஊற்றினோம். முதலாளிகள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். ஊருக்கே லீவு விட்டவர் என்று அவருக்குப் பெயர் வைத்தார் மேனேஜர்.

அவர் கணவரும் சாயப்பட்டறைத் தொழிலாளிதான். தெருவில் பாதி வீடுகள் அதை நம்பித்தான். பட்டறை திறக்காமல் யாருக்கும் ஷிப்ட் இல்லை. குழாயடியில் பெண்கள் கேட்பார்களாம், "பூச்சி ஓடுச்சாக்கா?" என்று. இப்ப உட்டா தொட்டியே செத்துரும் என்று இவரும் சொல்வாராம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கேலி பண்ணுன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றார் என்னிடம்.

வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டதென்று இன்னொரு நாள் சொன்னார்.

ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். நேராக ஓடின. தடுமாறின. மறுபடி ஓடின. அவர் சிரிக்கவில்லை. கையெழுத்திட்டார், கண்ணாடித் தகட்டைக் கழுவி வைத்தார். அன்று மாலையே கொஞ்சமாகச் சாயநீர் வந்தது. பிறகு முழுதாக. தொட்டி தாங்கியது. ஒன்றும் கெட்டுப்போகாததால், எது கெட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் கடைசிவரை அவரிடம் பேசவில்லை.

பர்வீன் அக்காவின் மௌத் வீட்டில், துக்கத்துக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அந்தத் தெருப் பெண் ஒருவர் நான் யாரென்று விசாரித்தார். சொன்னேன். மெல்லக் கேட்டார்.

"அன்னிக்குத் தண்ணிய உட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"தொட்டி செத்துருக்குமுங்க. பட்டறை மாசக்கணக்குல மூடிக் கெடந்திருக்கும்."

"எங்ககிட்ட அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னாங்க," என்றேன்.

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உடலை வைத்த மரச் சந்தூக்கைத் தூக்க ஆண்கள் எழுந்தார்கள். ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்கள். தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். மரத்தைப் பற்றியிருந்த விரல்களில், சோப்புப் போட்டும் போகாத அன்றைய கருநீலச் சாயம். தெரு முனை திரும்பும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள், அக்கா.