ராத்தாவை வைத்து நான் எழுதிய கதை

நேற்று என் மகள் சிறுகதைப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். "பாத்திரங்கள் உயிருள்ள மனிதராக இருக்க வேண்டும்" என்ற வரி கேட்டதும் செய்துகொண்டிருந்த வேலையைக் கீழே வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், எங்கள் தமிழ் டீச்சரும் இதையே சொன்னார். நான் என்னோடு பிறந்த மூத்தவளான ராத்தாவை எழுதினேன். அவள் ஒரு தையல்காரரை விரும்பியதையும், அவருடைய கடிதங்களை அரிசிப் பானைக்குள் ஒளித்ததையும் எழுதினேன். பெயரை மாற்றினேன். இடது காலை இழுத்து நடப்பதையும் முக்காட்டு நுனியைக் கடிப்பதையும் அப்படியே வைத்தேன்.

டீச்சர் கதையை வகுப்பில் வாசித்துக் கைதட்ட வைத்தார். மாலை அசர் தொழுகைக்குள் அது வாப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் நேரே போய் அரிசிப் பானையைக் கவிழ்த்தார்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ராத்தாவை மட்டும் வரிப்பத்தான்சேனைக்கு, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து, அவர் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

புறப்படும்போது கேட்டாள்: "பேர மாத்தினா என்னத் தெரியாதெண்டு நெனச்சியா புள்ள?"

"அது கதைதானே ராத்தா."

"ஓம், உனக்குக் கதை."

இன்றும் பெருநாளைக்குப் போனால் தேத்தண்ணி தருவாள். என் மகளோடு மட்டும் கதைப்பாள்.